தரைக் கூடாரமா, கூரைக் கூடாரமா, காருக்குள்ளேயே படுக்கையா?

கார் கேம்பிங் பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ எடுத்தவை. அங்கே பொது நிலம் என்று ஒன்று பரந்து கிடக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கூரைமேல் இருக்கும் கூடாரத்தை விரித்து, ஏணியில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு லட்ச ரூபாய்க்குக் கூரைக் கூடாரம் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய பிறகுதான் அதை எங்கே விரிப்பது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், எதை வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது நாம் போகப்போகும் இடம்தான்.

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. ஆக, நமக்குக் கிடைப்பது காட்டின் விளிம்பு. கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தனியார் தோட்டங்கள். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலையில் சில பண்ணைகள். எல்லை தாண்டினால் வயநாடு, சூரியநெல்லி. அப்புறம் வனத்துறையே நடத்தும் சூழல் சுற்றுலாத் தங்குமிடங்கள்.

விளிம்புதானே என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. யானைக்குப் பட்டா நிலம், காப்புக்காடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை கொன்றது. கூடாரம் போட உரிமம் உள்ள இடமா, சுற்றிலும் மின்வேலியோ அகழியோ இருக்கிறதா, இரவில் ஆள் விழித்திருப்பாரா என்று போனிலேயே கேட்டுவிட வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கூடாரம் போடும் இடம்வரை கார் வருமா? வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு மீதித் தூரம் நடக்க வைக்கும் தோட்டங்கள் உண்டு. கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் போயாக வேண்டும். காரை நம்பிச் செய்த ஏற்பாடெல்லாம் அந்த இடங்களில் கீழே நிற்கும்.

சரி, இனி படுக்கை. கேம்பிங்கில் சுகம் என்பதில் முக்கால்வாசி தூக்கம்தான், எனவே அதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

தரைக் கூடாரம்

நான்கு பேர் குடும்பம் என்றால் பெரும்பாலும் இதுதான் சரி. டெகத்லான் போன்ற கடைகளில் மூன்று பேர் கூடாரம் ஐயாயிரம் ரூபாய் அளவில் கிடைத்துவிடும். நிமிர்ந்து நிற்கக்கூடிய குடும்பக் கூடாரத்துக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும். ‘மூன்று பேர்’ என்பது தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் மூன்று பேர், பைகளுக்கு இடமில்லாமல். இரண்டு பேருக்கு மூன்று பேர் கூடாரம், நான்கு பேருக்கு ஆறு பேர் கூடாரம் என்று எடுத்தால் மூச்சு விடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மேல்துணி. உள்கூடாரத்தின்மேல் தனியாக ஒரு மழைத்துணி இருக்க வேண்டும், அது தரையை ஒட்டி இறங்க வேண்டும். தலைப்பாகை மாதிரி உச்சியை மட்டும் மூடும் கூடாரங்கள் ஐப்பசி மழைக்கு ஆகாது. கொடைக்கானலில் காற்றோடு அடிக்கும் மழை பக்கவாட்டில்தான் உள்ளே வரும். துணியின் நீர்தாங்கும் திறன் 2000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் நம் மலைகளுக்குப் போதும்.

கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிடக் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்குக் கீழே வந்து தேங்கும். கேம்பிங் இடங்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

அதற்கு மேலே மெத்தை. இங்கேதான் ஏமாறுவார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊதிப் போடும் தடித்த காற்று மெத்தையைக் கொண்டுவந்தால், பார்க்கச் சொகுசாக இருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு நடுக்கும். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஆறு ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர். சென்னைப் பழக்கத்தில் மெத்தை எடுத்தால் அங்கே ஆகாது. நுரை வைத்த, தானாக உப்பும் மெத்தை வாங்கலாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஒரு அங்குல ஈ.வி.ஏ. நுரைப்பலகை, அதன்மேல் கோரைப்பாய், ஜமுக்காளம், வீட்டு மெல்லிய மெத்தை. காரில் தானே போகிறோம், முதுகில் சுமக்கப்போவதில்லை. வீட்டுத் தலையணையையும் போர்வையையும் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரைக் கூடாரத்தின் பெரிய வசதி, அதை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு சுற்றப் போகலாம். பால் வாங்க வேண்டுமென்றால் வீட்டைச் சுருட்ட வேண்டியதில்லை. குறை என்று பார்த்தால் ஈரம், சரிவு, அட்டை. வால்பாறை, வயநாடு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை அட்டை இல்லாத புல் கிடையாது. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் கூடாரமே வேண்டாம், ஓட்டு வீடு எடுத்துத் தங்குங்கள்.

கூரைக் கூடாரம்

இதில் நல்லது இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடத்தில் விரியும். மெத்தை உள்ளேயே இருக்கும். தரை எவ்வளவு சேறாக இருந்தாலும் படுக்கை காய்ந்திருக்கும். பாம்பு, தேள், அட்டை பயமில்லை. தினம் ஒரு ஊர் என்று ஸ்பிதி, லடாக் பக்கம் இரண்டு மூன்று வாரம் போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது.

இங்கே வார இறுதிக்குப் போகிறவர்களுக்குத்தான் கணக்கு உதைக்கிறது. கூடாரம் மட்டும் 50 முதல் 75 கிலோ. அதைத் தாங்கும் கேரியர் தனி எடை. நம் ஊர்ப் பல கார்களின் கையேட்டைத் திறந்து பார்த்தால், ஓடும்போது கூரையில் ஏற்றலாம் என்று போட்டிருக்கும் எடை அதற்கும் கீழே இருக்கும். நிற்கும்போது கூரை இதைப்போலப் பல மடங்கு தாங்கும், அதனால் மேலே இரண்டு பேர் படுப்பதில் பிரச்சினை இல்லை. ஓடும்போதுதான் பிரச்சினை. அதுவும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் நாற்பதிலோ, காரின் உச்சியில் ஒரு ஆள் எடை உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் சாய்வதை ஸ்டியரிங்கில் உணர்வீர்கள். மைலேஜும் அடிவாங்கும். அடுக்குமாடிக் கீழ்த்தளப் பார்க்கிங்கில் உயரம் இடிக்கும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளை 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று சொல்லிவிட்டது. கழற்றி மாட்டும் கேரியர் இதில் வருமா, வராதா என்பது வழியில் நிறுத்துகிறவரின் புரிதலைப் பொறுத்துப் போய்விடலாம். பணத்தைக் கொட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்கெல்லாம் மேலே நடைமுறைத் தொல்லை ஒன்று. நடு இரவில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவையோ, ஐந்து வயதுக் குழந்தையையோ அழைத்துப்போனால் இந்த ஒரு காரணமே போதும், இது வேண்டாம் என்று முடிவு செய்ய.

காருக்குள்ளேயே

இரண்டு பேர் மட்டும் போவதென்றால் எனக்கு இதுதான் பிடித்தது. செலவு மிகக் குறைவு, மழை பற்றிய கவலையே இல்லை, கதவைப் பூட்டிக்கொள்ளலாம். கேள்வி ஒன்றுதான்: ஆறடி நீளம் கிடைக்குமா? முன்சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளி, பின்சீட்டை மடக்கி, முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவுவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நான்கு விரல் அதிகம் வேண்டும்.

இன்னோவா கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசையைப் பக்கவாட்டில் மடித்து ஏற்றிவிட்டால் நல்ல இடம் வருகிறது, ஆனால் தரை சமமாக இருக்காது. தச்சரிடம் சொல்லி 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்று துண்டாக ஒரு பலகைக் கட்டில் செய்து, அடியில் சாமான் வைக்க இடம் விட்டால் வேலை முடிந்தது. மாருதி ஜிம்னியில் முன்சீட்டையே பின்னால் சாய்த்துப் பின்சீட்டோடு சேர்த்துப் படுக்கையாக்கலாம். மேடு பள்ளமாக இருக்கும், இடுக்குகளில் போர்வையைச் சுருட்டி அடைக்க வேண்டும். ஹேட்ச்பேக் கார்களில் குட்டையானவர்கள் சமாளிப்பார்கள். செடானில் வேண்டாம்.

காருக்குள் தூங்குவதில் கவனிக்க வேண்டியது காற்று. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் இரண்டு பேர் விடும் மூச்சில் காலையில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழியும், போர்வை நமுத்துப்போகும். எதிரெதிர் ஜன்னல்களில் இரண்டு விரல் அளவு திறந்து, கொசுவலைத் துணியைக் காந்தம் வைத்து ஒட்டிவிடுங்கள். ஏ.சி.க்காகவோ ஹீட்டருக்காகவோ எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, எழுப்பவும் எழுப்பாது. கரி அடுப்பும் அப்படித்தான். குளிருக்காக அடைத்த அறையில் கரியை வைத்துக்கொண்டு தூங்கி எழாதவர்களைப் பற்றி மலை ஊர்களிலிருந்து செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கூடாரத்துக்கும் இது பொருந்தும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எஞ்சின் புகைக் கவலை இல்லை, இரவெல்லாம் ஏ.சி. ஓடட்டும். காரிலிருந்தே வெளியே கரண்ட் எடுக்கும் வசதி நெக்ஸான் மின்காரில் 2023 முதல் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிச் சார்ஜ் போடும் இடம்வரை மிச்சம் வைத்துக்கொண்டால் சரி.

காருக்குள் படுப்பதில் எரிச்சலூட்டுவது சாமான். பகலில் பின்னால் இருந்ததையெல்லாம் இரவில் முன்சீட்டுக்கும், காலையில் திரும்பப் பின்னாலும் மாற்ற வேண்டும். மூன்றாவது இரவில் இது கணவன் மனைவிச் சண்டையாக மாறும்.

எனவே என் முடிவு இப்படி. நான்கு பேர் என்றால் தரைக் கூடாரமும் நல்ல மெத்தையும். இரண்டு பேர் என்றால் காருக்குள் படுக்கை, பக்கத்தில் சாமானுக்கு ஒரு சிறு கூடாரம். இரண்டு வகையிலும் மிச்சமாகும் பணத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடித் தார்ப்பாய் ஒன்றும், இரண்டு கம்பமும், முதுகு சாயும் நாற்காலிகளும் வாங்குங்கள். தார்ப்பாயின் ஒரு பக்கத்தைக் காரின் கூரைக் கம்பியில் கட்டி, மறுபக்கத்தைக் கம்பத்தில் இழுத்துக் கட்டினால் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு திண்ணை கிடைத்துவிடும். மழை பெய்யும் மதியத்தில் நான்கு பேர் கூடாரத்துக்குள் குந்திக்கொண்டிருப்பதற்கும், தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து டீ குடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த கூடாரமும் தராது.

எவ்வளவு ஏற்றலாம்

காரைத் தயார் செய்வதில் யாரும் போடாத கணக்கு இது. காரின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெறும் காரின் எடையைக் கழித்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று வரும். ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 1,545 கிலோ, வெறும் வண்டி சுமார் 1,200. மிச்சம் 345. எழுபது கிலோ ஆட்கள் நான்கு பேர் ஏறினால் 280 போயிற்று. சாமானுக்கு 65 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வைத்தால் மீதி 25. இதில் அறுபது கிலோக் கூரைக் கூடாரத்தை எங்கே வைப்பது? பின்சீட் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி இடமும் 208 லிட்டர்தான். ஜிம்னி நல்ல வண்டி, ஆனால் கேம்பிங்குக்கு அது இரண்டு பேர் வண்டி. நான்கு பேருக்கு இன்னோவாவோ, எர்டிகாவோ, பொலேரோவோ ஏற்றது.

கனமான சாமான் கீழேயும், பின்சீட்டின் முதுகை ஒட்டியும் இருக்க வேண்டும். தண்ணீர் கேன், கேஸ், சமையல் பெட்டி எல்லாம் அங்கே. இலேசான படுக்கை, நாற்காலி மேலே. கூரையில் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் போர்வை மூட்டை மட்டும். எல்லாவற்றையும் ராட்செட் பட்டையால் கொக்கிகளில் இழுத்துக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் இருபது கிலோ கேன் முன்னால் வந்தால் பின்சீட்டில் இருப்பவர் என்ன ஆவார் என்று யோசித்தால் போதும், கட்டாமல் கிளம்ப மாட்டீர்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் கேன்தான் வழி. அதே இரண்டு ஊர்களுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் கிளம்பும் முன் நினைவில் வையுங்கள்.

ஐஸ் பெட்டியா, கார் ஃபிரிட்ஜா

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் இப்போது பலரின் ஆசை. அதையும், அதை ஓட்ட பவர் ஸ்டேஷன் எனப்படும் பெரிய பேட்டரிப் பெட்டியையும் சேர்த்தால் ஐம்பதாயிரத்தை எளிதாகத் தாண்டும். தேவையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறிய ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடி, சராசரியாக 15 முதல் 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 400 வாட்-மணி அளவில் வேண்டும். காரின் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 540 வாட்-மணி இருக்கிறது. ஆனால் அது எஞ்சினைக் கிளப்பச் செய்த பேட்டரி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரியும் கெடும், காலையில் வண்டியும் கிளம்பாது. அந்த மூன்றில் ஒரு பங்கு, ஒரு இரவுக்கே இழுபறி. அதனால் ஃபிரிட்ஜ் என்றால் தனி பேட்டரி கட்டாயம். 500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் ஒரு நாள் தாங்கும், அப்புறம் காரை ஓட்டியோ சோலார் பலகை வைத்தோ ஏற்ற வேண்டும்.

இப்போது ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. பத்துக் கிலோ ஐஸ் என்றால் 930 வாட்-மணி. விலை சொற்பம். நல்ல தடித்த பெட்டியில், மலைக் குளிரில், அது இரண்டு நாள் தாராளமாக நிற்கும். மீன்காரர்கள் வைத்திருக்கும் தடித்த தெர்மோகோல் பெட்டியே வார இறுதிக்குப் போதும். அதைப் பழைய போர்வையில் சுற்றி வெயில் படாமல் வைத்தால் இன்னும் நல்லது. மலையேறும் முன் கீழூரில் மீன் மார்க்கெட் பக்கம் கட்டி ஐஸாக வாங்குங்கள். உடைத்த ஐஸ் சீக்கிரம் கரையும். அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது, எனவே சாப்பாட்டுப் பொருளெல்லாம் மூடி இறுக்கிய டப்பாவில் இருக்க வேண்டும்.

மசாலா தடவிய கோழியை வீட்டு ஃபிரீசரில் உறைய வைத்துக் கொண்டுபோனால் அதுவே முதல் நாள் ஐஸ். பாலுக்கு டெட்ரா பாக்கெட், குளிரே தேவையில்லை. இட்லி மாவு மலைக்குளிரில் பொங்கி வழியாது. புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் எதையும் கேட்காது. மூன்று இரவுக்குள் திரும்பும் பயணத்துக்கு ஐஸ் பெட்டிதான் என் ஓட்டு. இன்சுலின் மாதிரி மருந்து கொண்டுபோகிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் ஃபிரிட்ஜ் பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது.

போன், விளக்கு, சிறு மின்விசிறி இவற்றுக்குப் பெரிய பவர் பேங்க் இரண்டு போதும். விளக்கு மஞ்சள் நிறமாக இருந்தால் பூச்சி குறைவாக வரும்.

அடுப்பு

220 கிராம் பியூட்டேன் குப்பி போடும் சிறிய அடுப்பா, ஐந்து கிலோ எல்.பி.ஜி. சிலிண்டரா? இரண்டு பேருக்குக் குப்பி, நான்கு பேருக்குச் சிலிண்டர். குப்பி முழுத் தீயில் ஒன்றேகால் மணி நேரம்தான் வரும். அதோடு, சுத்த பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும், எனவே மார்கழிக் காலையில் கொடைக்கானலில் தீ சோம்பலாக எரியும். புரொப்பேன் கலந்த குப்பி கிடைத்தால் அதை எடுங்கள். ஐந்து கிலோ சிலிண்டர், இண்டேனில் ‘சோட்டு’ என்று விற்பது, முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கிறது. நிமிர்த்தி வைத்துக் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எடுத்துச்செல்ல வேண்டும்.

எந்த அடுப்பானாலும் குக்கரை விட்டுவிடாதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வைக்கிறேன் என்று உட்கார்ந்தால் கேஸ்தான் தீரும். விறகு மூட்டுவதைத் தோட்டக்காரர் காட்டிய இடத்தில் மட்டும், பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை அதுவும் வேண்டாம்.

மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். உப்பு, பழம், அரிசி வாசனை எல்லாமே அழைப்பிதழ்தான். கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடக்கிறது, கோத்தகிரியில் கரடி. பெட்டியில் போட்டுக் காருக்குள் பூட்டுங்கள்.

வண்டி

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டுமா என்று கேட்பார்கள். மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம். தரையிலிருந்து உயரமும் நல்ல டயரும் இருந்தால் போதும். வழுக்குவது பெரும்பாலும் கடைசி நூறு மீட்டர் ஈரப் புல்லில்தான். அங்கே டயர் காற்றை இருபது பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் பிடிமானம் கூடும், ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்காகவே 12 வோல்ட் காற்றடிக்கும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும். இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் அது, கூரைமேல் ஏற்றும் எதைவிடவும் உபயோகமானது. ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், பேட்டரி ஜம்பர் கேபிள், இழுவைப் பட்டை இவையும் சேரட்டும்.

டயரின் வயதைப் பார்க்க அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மலைக்கு வேண்டாம். முழுச்சுமைக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. வழக்கமாக அடிக்கும் அளவு அதுவாக இருக்காது. ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள். பிரேக் பேடு, பிரேக் ஆயில் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். சாமான் ஏற்றிய வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பாதி மலையிலேயே பேடு புகையும்.

நேரத்தையும் பார்த்துக் கிளம்புங்கள். பந்திப்பூர் வழி இரவு ஒன்பது முதல் காலை ஆறுவரை மூடியிருக்கும், திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை உண்டு. கூடாரம் போட வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வண்டியின் மூக்கு வெளியேறும் பாதையைப் பார்த்தபடி நிற்கட்டும், சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கழிப்பறை

இதைக் கடைசியில் எழுதினாலும், பல வீடுகளில் போகலாமா வேண்டாமா என்பதையே இதுதான் முடிவு செய்கிறது. பெண்களையும் வயதானவர்களையும் கேட்காமல் ஆண்களே இடத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அடுத்த முறை யாரும் வரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. தோட்டத்தில் கழிப்பறை இருக்கிறதா, அது கூடாரத்திலிருந்து எத்தனை அடி, இரவில் விளக்கு எரியுமா, தண்ணீர் வருமா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு வழி. மடக்குக் கமோடும், அதைச் சுற்றி நிறுத்தும் ஆளுயர மறைப்புக் கூடாரமும் சில ஆயிரங்களில் கிடைக்கின்றன. கமோடுக்குள் பை மாட்டி, மரத்தூள் தூவி, கட்டிக் கீழே கொண்டுவந்துவிடலாம். இல்லையென்றால் ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, முக்கால் அடி ஆழக் குழி, கைமண்வெட்டி. குழந்தைகளுக்கு இரண்டாவதில் குஷி, பெரியவர்களுக்கு முதலாவதுதான் சரிப்படும். வயதானவர்கள் வந்தால் கமோடு மறைப்பைக் கூடாரத்துக்கு இருபதடிக்குள் நிறுத்தி, வழியில் ஒரு சிறு விளக்கைத் தொங்கவிடுங்கள். இரவில் யாரும் தனியாகப் போகக் கூடாது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.